ஆரோக்கியம் அண்ணி பேசாத மாதம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறியவர்கள் யாராக இருந்தாலும் எங்கள் ஆரோக்கியம் அண்ணியின் குரலைக் கேட்டிருப்பார்கள். கேட்காமல் ஏற முடியாது. அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கூடையில் போட்டு ஈரச்சாக்கால் மூடி, திண்டிவனம் பஸ்ஸுக்கும் திருவண்ணாமலை பஸ்ஸுக்கும் நடுவில் நின்று ஒரு சத்தம் கொடுப்பாள். டிரைவர் இன்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் அந்தச் சத்தம் அதற்கு மேலே ஏறி நிற்கும். ஜன்னலோரம் தூங்குகிற ஆள் கண்ணைத் திறப்பதற்கு முன்பே கையை நீட்டிவிடுவான். ஒரு கண்டக்டர், "எம்மா, என் விசிலு தொலைஞ்சிபோச்சி, நீ ஒரு கூவு கூவு, வண்டிய எடுக்கட்டும்" என்று கேட்டது எனக்கே தெரியும். அண்ணி கூவவும் செய்தாள். வண்டியும் கிளம்பிற்று.

ஆளைப் பார்த்தால் அந்தக் குரல் அவளுடையது என்று சொல்ல முடியாது. ஒல்லி. குள்ளம். மேல்சித்தாமூர் தாண்டி ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அவள் அப்பா ஊரார் மல்லாட்டைக் கொல்லைக்குக் காவல் இருந்தவர். விதை போட்ட மறுநாளே காக்கை வந்து கிளறிவிடும். கல் எறிய அவள் கைக்கு வலு போதவில்லை, அதனால் வாயால் எறிந்து பழகினாள். அப்படி வளர்ந்த குரல் அது. என் அண்ணன் ஜோசப்ராஜ் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அண்ணன், அண்ணி, எங்கள் அக்கா லில்லி, நான். நான் ஏழாவதோடு நின்றவன். நிறுத்தினார்கள் என்பதுதான் சரி. வாத்தியார் குடைக்குள் ஓணான் போனதற்கு நான் பொறுப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன், யாரும் நம்புவதில்லை.

அண்ணிக்கு முதலில் பிறந்தது பெண். பிறந்த உடனே அண்ணி பாயில் படுத்தபடியே, "எம்பொண்ணு ராசாத்தி மாதிரி இருக்குது" என்று சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தாள். தெருக்கோடி டீக்கடையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் அந்தப் பிள்ளை போய்விட்டது. அடுத்தது பையன். அப்போது கொஞ்சம் அடக்கிச் சொன்னாள், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதுவும் நிற்கவில்லை. இரண்டு தடவையும் பிரசவம் பார்த்த பவுனம்மாள்தான் கடைசி நேரத்தில், சாமியார் வர நேரமில்லை, யாராவது தண்ணி ஊத்துங்க என்று சத்தம் போட்டாள். வேதக்காரர்கள் வீட்டில் சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பவுனம்மாள் வேதம் இல்லை, ஆனால் எங்கள் தெருவில் பாதிப்பேரை வெளியே இழுத்தவள், அவளுக்கு எல்லாம் தெரியும். அக்காதான் இரண்டுக்கும் ஊற்றினாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் பிள்ளைக்கு வீட்டுத் தண்ணீர் என்றால் குழி வெட்டுகிற மாதிரி ஒரு பேச்சு.

மூன்றாவது உண்டானபோது அண்ணி ஒரு முடிவுக்கு வந்தாள். பிள்ளைகளைத் தின்றது காய்ச்சல் இல்லை, தன் வாய். அந்தோணியார் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி கொளுத்தி நேர்ச்சை வைத்தாள்: பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிற வரைக்கும் அது காதில் தன் குரல் விழாது. ஒரு வார்த்தைகூட.

"அண்ணி, அந்தோணியாரு பாவம், உங்களால செய்யவே முடியாத காரியத்த ஏன் அவருக்கு நேந்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீ வாய மூடு. மூடறது எப்டின்னு எனக்குக் காட்டு" என்றாள்.

ஆனால் ஒன்று. பிறந்த பிறகுதானே நேர்ச்சை. அதுவரை மல்லாட்டை விற்க வேண்டும். வலி எடுத்த அன்று காலையில்கூட பஸ் ஸ்டாண்டில் நின்று கூவிவிட்டுத்தான் வந்தாள். வயிற்றுக்குள் இருந்தவன் ஒன்பது மாதமும் செஞ்சியிலிருந்து போகிற பஸ் எல்லாவற்றுக்கும் அவள் கூவியதைக் கேட்டிருக்கிறான். அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பிள்ளை பிறந்தபோது உள்ளே பவுனம்மாளும் லில்லி அக்காவும் இருந்தார்கள். அண்ணனும் நானும் வாசலில். அண்ணி கத்தினாள், பிறகு நிறுத்தினாள். பிள்ளை அழும் சத்தம் வரவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்தான், எலும்பு நொறுங்குகிற பிடி. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம், பிறகு ஓர் இருமல், பிறகு அழுகை. பையன். அண்ணி மயக்கத்தில் இருந்தாள். கண் விழித்துப் பிள்ளையைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், உடனே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கண்ணீர் மட்டும் விரலுக்கு மேலே ஓடிற்று.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஊமைக்கூத்து வீடாகிவிட்டது. அண்ணிக்குச் சோறு வேண்டும் என்றால் விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோவாள். குழம்பில் உப்பு இல்லை என்றால் என்னைப் பார்த்து முகத்தைக் கோணுவாள், குழம்பு வைத்தது நான் இல்லை என்றாலும். அண்ணனைத் திட்ட வேண்டும் என்றால் அவன் சட்டையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துப்போய், மண்சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கிட்டே நிறுத்திவைத்துத் திட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி உள்ளே வருவாள். பக்கத்து வீட்டு மங்கை, "இன்னிக்கி ஜோசப்புக்கா, ஆட்டுக்கா?" என்று கேட்பாள். "இத்துனூண்டு காது, செவுரு தாண்டியா கேக்கப்போவுது" என்பது அண்ணியின் கணக்கு. பவுனம்மாளும் மூன்று மாதத்துக்குப் பிள்ளைக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்று அடித்துச் சொல்லியிருந்தாள்.

எங்கள் கோயில் கிளைக்கோயில். சாமியார் மாதத்துக்கு ஒரு தடவை பூசைக்கு வருவார். பிள்ளை பிறந்தது அவர் வந்து போன மூன்றாம் நாள். அதனால் நேர்ச்சை ஏறக்குறைய ஒரு மாதம் இழுத்தது.

இங்கே லில்லி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஆரோக்கியம் அண்ணி, ஆரோக்கியத்துக்கு லில்லி அக்கா அண்ணி. அக்காவை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை இல்லை என்று அந்த ஆள் ஒருநாள் பஸ் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். வந்து இறங்கியவள் எங்களோடு தங்கிவிட்டாள். அக்காவும் பேசுவாள், ஆனால் அண்ணி மாதிரி இல்லை. அவள் பேச்சு சின்னத் தூறல், நிற்காது. அண்ணி வாயை மூடிய வீட்டில் அந்தத் தூறலுக்கு முழுச் சுதந்திரம் கிடைத்தது.

"யாரு இது, யாரு இது, அத்தையா? அத்த வந்துட்டேண்டா. இன்னா பாக்குற? மூக்கப் பாக்குறியா? மூக்குத்தி இல்லடா அத்தைக்கு, வித்துத் தின்னாச்சி." இப்படியே. குளிப்பாட்டும்போது, துணி மாற்றும்போது, சும்மா மடியில் போட்டிருக்கும்போது.

பிள்ளை அவளைப் பார்த்தான்.

மூன்று மாதம் கண் தெரியாதவன் பார்த்தான். முதல் வாரத்திலேயே. அக்காவின் பேச்சு ஆரம்பித்தால் மூடியிருந்த கண் திறக்கும். பாரவண்டி திரும்புகிற மாதிரி தலை மெல்லத் திரும்பும். நெற்றியில் முடி ஆரம்பிக்கிற கோட்டில் கண் போய் நிற்கும். அங்கிருந்து இறங்கி வரும். அசைகிற வாய்க்கு வந்ததும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அவன் வாயும் கொஞ்சம் திறக்கும், அவனும் ஏதோ சொல்லப்போகிறவன் மாதிரி.

அண்ணி அதைச் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிற பார்வையில் உலை வைக்கலாம்.

அக்காவை வெளியே அனுப்ப அண்ணி கண்டுபிடித்த வேலைகளுக்கு அளவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருக்கிறதா பார்க்கச் சொல்லிச் சைகை. சர்க்கரை வராது என்று இரண்டுபேருக்கும் தெரியும். துவைத்த துணியைத் திரும்பத் துவைக்கச் சொல்லிச் சைகை. ஒருதடவை அக்காவின் செருப்பைக் காணோம் என்று வீடே தேடினோம். அக்கா செருப்பைத் தேடும் நேரத்தில் பிள்ளை அண்ணியிடம் இருந்தது. செருப்பு அண்ணியின் தலையணைக்கு அடியில் இருந்தது. எடுத்தவன் நான். யாரிடமும் சொல்லவில்லை, சிறு வேலைதான் என்றாலும் நல்ல வேலையை நான் மதிப்பேன்.

அக்கா போனதும் அண்ணி பிள்ளையை மடியில் போட்டு முகத்துக்கு நேரே குனிவாள். அவன் நெற்றிக்கோட்டைப் பார்ப்பான். அண்ணி சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பாள், கரையில் போட்ட கெண்டை மாதிரி. அவன் கொஞ்ச நேரம் பார்ப்பான். பிறகு கண் நழுவி, கதவு வழியே வருகிற வெளிச்சத்துக்குப் போய்விடும். அண்ணி தன் முகத்தை வெளிச்சத்துக்கும் அவனுக்கும் நடுவில் கொண்டுபோவாள். அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

பால் கொடுப்பது அவள். முகம் பார்ப்பது அடுத்தவளை. இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்?

எனக்கு அந்த விஷயம் பிடிபட ஆரம்பித்தது ஒரு குறும்பில். பிள்ளைக்கு வலப்பக்கம் மறைந்து உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினேன். கண் வலப்பக்கம் வந்தது, மெதுவாக, ஆனால் வந்தது. இடப்பக்கம் ஆட்டினேன், அங்கே போனது. வெறுமனே என் மூஞ்சியை நீட்டினேன், பெரிய மரியாதை இல்லை. மூஞ்சியோடு சேர்த்து, "டேய் மச்சான்" என்றேன். உற்றுப் பார்த்தான். என் வாயை மூடிக்கொண்டு அக்காவை எனக்குப் பின்னால் நின்று பேசச் சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்தான், தலையை உதறினான், நெளிந்தான், எனக்குப் பின்னால் தேடினான். மூஞ்சி ஒருவனுடையதும் குரல் இன்னொருத்தியுடையதுமாக இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

ஏழாவது படித்த என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்: இவனுக்குக் காதுதான் கண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. எங்கே சத்தமோ அங்கே பார்க்கிறான். அங்கே ஒரு மூஞ்சி இருந்து, அதன் வாயும் அசைந்தால், சத்தத்தையும் மூஞ்சியையும் சேர்த்து முடிந்துகொள்கிறான். சத்தமில்லாத மூஞ்சி அவனுக்குச் சுவரில் மாட்டிய படம்.

அண்ணியின் குரலில் பேசி ஏமாற்றலாம் என்றுகூடப் பார்த்தேன். ஊரில் எல்லோர் குரலையும் எடுப்பேன், கணக்கப்பிள்ளை முருகையன் குரலில் கூப்பிட்டு மில் ஆட்களைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பிள்ளையின் காதருகே அண்ணி மாதிரி மல்லாட்டை விற்றேன். கொட்டாவி விட்டான். என் வாழ்க்கையில் என்னைக் கண்டுபிடித்த முதல் ஆள் அவன்தான்.

அன்று மாலை அண்ணன் சம்பளத்தில் யாருக்கோ கைமாற்றுக் கொடுத்துவிட்டு வந்தான். அண்ணி சட்டையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப்போனாள். உள்ளே அக்கா மடியில் பிள்ளை, அக்கா பேச்சு பாதியில். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி ஆரம்பித்தாள்.

பிள்ளையின் கண் அக்காவின் வாயிலிருந்து கழன்றது. தலை திரும்பிற்று. மண்சுவரைப் பார்த்தான்.

"டேய், இங்க பாரு, அத்த இங்க" என்றாள் அக்கா.

பார்க்கவில்லை. கை கால் ஆட்டம்கூட நின்றுபோயிற்று. அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை, கரிக்கோடும் ஒரு ஆணியும்தான். அவன் ஆணியையும் கோட்டையும் மாறி மாறித் தேடினான். அக்கா குரலை உயர்த்தினாள். பிறகு பாடினாள். அவன் கண் சுவரிலேயே இருந்தது. அக்கா பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் அதற்கு முன் பார்த்திருக்கிறேன், பல நாளாக, அண்ணி முகத்தில்.

நான் கொல்லைக்கு ஓடினேன். "அண்ணி, உங்க புள்ள உங்க சத்தத்துக்குச் செவுத்தப் பாக்குறான். அக்காவ உட்டுட்டுப் பாக்குறான்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அரை நொடி சந்தோஷப்படவும் செய்தாள். பிறகு முகம் வெளுத்துவிட்டது.

"கேக்குதா அவனுக்கு?"

"நல்லாக் கேக்குது."

"இத்தினி நாளும் கேட்டுதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் நேர்ச்சை பேசாமல் இருப்பது இல்லை, குரல் அவன் காதில் விழாமல் இருப்பது. தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நேர்ச்சையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணி மல்லாட்டைக் கூடையை இழுத்தாள். ஈரச்சாக்கு ஓரத்தில் இருந்து ஒரு துணியைக் கிழித்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அதற்குப் பிறகு கொல்லையிலும் பேச்சில்லை. தெருவிலும் இல்லை. ஆடு திட்டு வாங்காமல் ஏங்கிப்போயிற்று. மங்கை வந்து, "இன்னா, ஆரோக்கியம் ஊருக்குப் போயிட்டாளா?" என்று கேட்டாள். பிள்ளை சுவரைத் தேடுவதும் நாலைந்து நாளில் நின்றுவிட்டது, அங்கே ஒன்றும் இல்லையே. முழுக்க அக்காவிடம் போய்விட்டான்.

சாயங்காலமானால் ஓர் அழுகை அழுவான். அண்ணி தோளில் போட்டு நடப்பாள், தட்டுவாள், ஆட்டுவாள். நிற்காது. அக்கா தள்ளி நின்று, கூப்பிடும்வரை வருவதில்லை என்று வைராக்கியமாக இருப்பாள். ஆனால் வாய் சும்மா இருக்காது, "ஏண்டா அழுவுற, இன்னாடா ஆச்சி" என்று வந்துவிடும். உடனே பிள்ளை அண்ணியின் தோளில் இருந்தபடி அவள் பக்கம் தலையைத் திருப்புவான். அண்ணி மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். அவன் தலை இந்தப் பக்கம் வரும். சுற்றிச் சுற்றி இரண்டு பேரும் கண்ணாமூச்சி. கடைசியில் ஒருநாள் அண்ணி நடையை நிறுத்தினாள். பிள்ளையை நீட்டினாள். அக்கா வாங்கினாள். அழுகை நின்றது. அண்ணி வெறுங்கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள், பிறகு அந்தக் கையால் அடுப்பு மூட்டினாள்.

அன்று அடுப்படியில் என்னைக் கூப்பிட்டாள். வாய்க்கட்டைத் தொட்டாள், கோயில் இருக்கும் திசையைக் காட்டினாள், கழுத்துப் பொத்தானைத் தொட்டுச் சாமியார் அங்கி மாதிரி கையை இறக்கினாள், பிறகு கட்டை அவிழ்ப்பது மாதிரி செய்தாள்.

"சாமியார்கிட்டப் போயி நேர்ச்சைய மாத்தித் தருவாரான்னு கேக்கணுமா?"

தலையாட்டினாள். சாமியார் எங்கள் கோயிலுக்கு வருவதற்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அந்த ஒரு நாள்கூட அவளால் தாங்க முடியவில்லை.

சைக்கிளை எடுத்தேன். அக்கா வாசலில் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை அவள் தோளில்.

"எங்கடா?"

சொன்னேன்.

"போவாத. அவர் மாத்தித்தர ஒண்ணும் இல்ல" என்றாள். பிறகு உள்ளே போனாள். சைக்கிளைப் போட்டுவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

அக்கா அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஆரோக்கியம், இவனுக்குத் தண்ணி ஊத்தியாச்சி. பொறந்தப்பவே. மூச்சு வல்ல, நீலமாக் கெடந்தான். பவுனம்மா காலப் புடிச்சித் தட்டிக்கினு இருந்தா. நான் செம்பெடுத்து, பிதா சுதன் பேரச் சொல்லி ஊத்திட்டேன். அதுக்கப்பறந்தான் இருமினான். ஞானஸ்நானம் அன்னிக்கே ஆயிடுச்சி. கோயில்ல சாமியாரு எண்ணெயும் உப்பும்தான் வைப்பாரு."

அண்ணி வாய்க்கட்டை இறக்கினாள். நான்தான் கேட்டேன், "ஏன்க்கா சொல்லல?"

"எப்டிடா சொல்றது? தண்ணி ஊத்துன ரெண்டும் நிக்கல. மூணாவதுக்கும் ஊத்திட்டேன்னு கேட்டா இவ அந்தப் பாயிலயே போயிருப்பா."

"மொத நாளு சரி அண்ணி" என்றாள் ஆரோக்கியம் அண்ணி. பல நாளாகப் பூட்டியிருந்த குரல், துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது. "அப்பறம்? அவன் நல்லாப் பால் குடிச்சான். அழுதான். மேனி ஏறிச்சி. அப்பறம் ஏன் சொல்லல?"

அக்கா பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது.

"என்னப் பாத்தான்" என்றாள். "என்ன யாரும் அப்பிடிப் பாத்ததில்ல. நீ பேசிட்டா என்னப் பாக்க மாட்டான்னு தெரியும். அன்னிக்கிச் செவுத்தப் பாத்தான், நானும் பாத்துட்டேன்."

அக்கா பிள்ளையை அண்ணியின் மடியில் வைத்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போனாள்.

அண்ணி பிள்ளையை முகத்துக்கு நேரே தூக்கினாள். தண்ணீர் ஊற்றப்பட்டு, நேர்ச்சை முடிந்து, பேசலாம் என்று ஆகி, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பேச்சு வைத்திருந்தவளுக்குப் பெற்ற பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், "நாந்தாண்டா" என்றாள்.

பிள்ளை கண்ணைப் பெரிதாகத் திறந்தான். தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தான்.

"இங்கடா. நாந்தான். இங்க." மறுபடி சுவர். அவனைப் பொறுத்தவரை அந்தக் குரல் அங்கேதான் குடியிருக்கிறது, இந்த முகம் வேறு யாரோ பால் தருகிற ஆள்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில்தான் வரும். வரவில்லை. "அண்ணி, நிறுத்தாம பேசுங்க. எது வேணா பேசுங்க. வாயைக் கண்ணுக்குக் கிட்ட வச்சிக்குங்க" என்றேன்.

பேசினாள். அண்ணனைத் திட்டினாள், செருப்பை ஒளித்ததைச் சொன்னாள், காக்கை ஓட்டியதைச் சொன்னாள், முன்னால் போன இரண்டு பேரின் பெயரையும் சொன்னாள். பிள்ளை சுவருக்கும் அவளுக்கும் நடுவில் வழி தெரியாதவன் மாதிரி அலைந்தான். விளக்கேற்றும் நேரத்தில் ஒருமுறை அவள் வாயில் வந்து நின்றான். நின்றானா, வெளிச்சத்துக்கு வந்தானா என்று சொல்ல முடியவில்லை. "என்னத்தானே பாத்தான்? சொல்லுடா, என்னத்தானே?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆமாம் என்றேன். நான் அடிக்கடி பொய் சொல்கிறவன் என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் கோயில். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழிந்து சாமியார் வந்து மந்திரித்துக் கூட்டிப்போகிற வரைக்கும் கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. அதனால் அண்ணி வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். பிள்ளையைத் தூக்கவேண்டியது ஞானத்தாய், அதாவது அக்கா. ஞானத்தகப்பன் நான். வேறு ஆள் அகப்படவில்லை. சாமியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "சர்வேசுரன் சித்தம்" என்றார்.

"வீட்டிலே யாராவது தண்ணீர் ஊற்றினீர்களா?" என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் வெளியே இருந்து பதில் வந்தது. "ஊத்துனாங்க சாமி. எங்க அண்ணி. அதனாலதான் புள்ள இருக்குது." பஸ் ஸ்டாண்டு குரல் முழுக்கத் திரும்பி வந்திருந்தது. கோயில் புறாக்கள் எழுந்து ஒரு சுற்றுப் போய் உட்கார்ந்தன.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வாசலிலேயே பிள்ளைக்கு நாக்கில் உப்பு வைத்தார்கள். முகத்தைச் சுளித்தான், அழவில்லை. மரியசெல்வம் என்று பேர் சொன்னார்கள். பீடத்துக்குக் கிட்டப்போய்ச் சாமியார் அப்போதிருந்த வழக்கப்படி லத்தீனில் ஏதோ படித்து, எண்ணெய் தோய்ந்த கட்டைவிரலை அவன் நெஞ்சில் வைத்தார். விரல் சில்லென்று இருந்திருக்க வேண்டும். வீறிட்டான்.

"அழாதடா, அத்த இருக்கேன்" என்றாள் அக்கா, அவன் முகத்துக்கு மேலே.

"அழாதடா கண்ணு" என்றது வாசலில் இருந்து.

இரண்டும் ஒரே நேரத்தில். நான் அக்காவுக்கு அருகில் மெழுகுவத்தி பிடித்து நின்றதால் எல்லாம் தெரிந்தது. அவன் அழுகை பாதியில் நின்றது. ஒரு சாண் தூரத்தில் அக்காவின் முகம், அசைகிற வாய், ஒரு மாதமாக அவன் ஒட்டிக்கொண்டிருந்த வாய். அவன் கண் அதைத் தாண்டிப் போயிற்று. கழுத்தை வளைத்து வாசல் பக்கம் திரும்பினான். அத்தனை தூரம் அவனுக்குக் கண் எட்டாது, வெறும் வெளிச்சம்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் தேடினான். உதடு பிதுங்கிற்று.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு பிள்ளையோடு திரும்பி வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

சாமியார் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். "எங்கேம்மா போகிறாய்? இன்னும் முடியவில்லை."

"குரல் கேக்குது சாமி அவனுக்கு" என்றாள் அக்கா, நிற்காமல். "மூஞ்சி தெரியல. அதான் அழுவுறான்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் மெழுகுவத்தியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பின்னால் போனேன், வேறு என்ன செய்வது. வாசற்படிக்கு உள்ளே அக்கா நின்றாள், வெளியே அண்ணி. அக்கா பிள்ளையை விடவில்லை, கையில் வைத்தபடியே அண்ணியின் முகத்துக்குக் கிட்டே நீட்டினாள்.

"பேசு" என்றாள்.

அண்ணி குனிந்து பேசினாள். மெதுவாக, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிள்ளையின் கண் நெற்றிக்கோட்டுக்குப் போனது, இறங்கியது, வாயில் வந்து நின்றது. வேறு எங்கும் போகவில்லை. அக்கா அவனைத் தாங்கியபடி மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் மீதி எண்ணெயைப் பூச வாசலுக்கே வந்தார். முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார், அது லத்தீனா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.